அயலார் ஏறிய மேடைகள்

கொரியாவுக்கு வெளியே பிறந்த ஒருவர் கே-பாப் எனும் கொரிய பாப் இசையில் நட்சத்திரம் ஆக முடியுமா? தறிச் சத்தம் ஓயாத வெண்ணந்தூரில்கூட, செல்போனில் பிளாக்பிங்க் பாட்டைப் பார்த்து ஆடும் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வரத்தான் செய்கிறது. அது வீண் ஆசை அல்ல.

ஒடிசாவின் ரூர்கேலாவில் வளர்ந்த ஸ்ரீயா லெங்கா 2022 மே மாதம் பிளாக்ஸ்வான் என்ற கொரியக் குழுவில் சேர்ந்தார். உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பித்த சுமார் 4,000 பேரில் அவரும் பிரேசிலைச் சேர்ந்த காபி என்ற பெண்ணும் தேர்வானார்கள். மறு ஆண்டே கேரளத்துப் பெண் ஆரியா ‘எக்ஸ்-இன்’ என்ற கொரியக் குழுவில் அறிமுகமானார். அதற்கும் முன்பே, 2008இல் 2பிஎம் குழுவின் நிக்குன், 2016இல் பிளாக்பிங்க் குழுவின் லிசா என்று தாய்லாந்து வழி வந்தவர்கள் உச்சத்தைத் தொட்டிருந்தார்கள்.

ஸ்ரீயா ஒடிசி பயின்றவர். ஒடிசியின் திரிபங்கி நிலையில் கழுத்து, இடுப்பு, முழங்கால் என உடல் மூன்று இடங்களில் வளைந்து குழையும். கே-பாப் ஆட்டம் இதற்கு நேர் எதிர். கை வெட்டென்று எழுந்து, சட்டென்று நிற்க வேண்டும். குழுவில் எல்லாருக்கும் அது ஒரே நொடியில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். பாவில் ஓர் இழை தளர்ந்தால் துணி முழுவதும் காட்டிக்கொடுப்பதைப் போல, ஒருவரின் கை அரை நொடி பிந்தினாலும் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். பழகிய குழைவை அடக்கி இந்த வெட்டைக் கற்பது, புதிதாக ஆட்டம் கற்பதைவிடக் கடினம். அதனால்தான் ஸ்ரீயாவின் ஆட்டத்தைப் பார்க்கும்போது மதிப்பு கூடுகிறது.

அடுத்த சோதனை நாக்குக்கு. நம் ககரம் வரும் இடத்தைப் பொறுத்துத் தானாக ஒலி மாறும். கொரிய மொழியிலோ அதை மெல்ல, இறுக்கி, மூச்சைத் தள்ளி என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒலி மாறினால் பொருளும் மாறிவிடும். 2018இல் வந்த ‘டு-டு டு-டு’ பாட்டில் லிசா கொரிய மொழியில் ராப் பாடுவதைக் கவனித்துக் கேளுங்கள். அத்தனை வேகத்திலும் மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே விழுகின்றன. 2011இல் கொரியா போனவர், 2016 வரை பயிற்சியிலேயே இருந்து பெற்ற தெளிவு அது.

தமிழர்களுக்கு இது புதுக் கதை அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் பிறந்த ஜான் ஹிகின்ஸ் என்பவர், டி. விஸ்வநாதன், டி. ரங்கநாதன் சகோதரர்களிடமும் அவர்களுடைய அக்கா பாலசரஸ்வதியிடமும் கர்நாடக இசை பயின்று, திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடினார். நம் ரசிகர்கள் அவரை ‘ஹிகின்ஸ் பாகவதர்’ என்றே அழைத்தார்கள். அவர் பாடிய ‘எந்தரோ மஹானுபாவுலு’ பதிவைக் கேட்டால் காரணம் புரியும். ஸ்ரீராகத்தின் காந்தாரம் இறங்கும்போது மட்டும், ரிஷபங்களுக்கு நடுவே தலைகாட்டிவிட்டுப் போகும் ஸ்வரம். கொஞ்சம் அழுத்தினாலும் ராகம் கெட்டுவிடும். ஹிகின்ஸ் அதைத் தொட்ட அளவு சரியான அளவு. ஸ்வரத்தை அசையாமல் நிறுத்தும் இசையில் வளர்ந்த காதுக்கு அது எளிதில் வந்திருக்காது. 1984இல் ஒரு வாகன விபத்து அவரை 45 வயதில் கொண்டுபோனது நமக்கும் பேரிழப்பு.

இரண்டு மேடைக்கும் வேறுபாடு உண்டு. ஹிகின்ஸுக்குக் குரு கிடைத்தார். கே-பாப்பில் குருவின் இடத்தில் நிறுவனம் இருக்கிறது. யார் எந்த வரியைப் பாடுவது, எப்போது மேடையேறுவது என்பதெல்லாம் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. திறமை இருந்தும் பயிற்சிக் கூடத்தோடு நின்றுபோனவர்கள் ஏராளம். வெளிநாட்டவருக்கு விசாவும் தனிமையும் கூடுதல் சுமை.

ஆனாலும் கலையைப் பொறுத்தவரை என் தீர்ப்பில் ஐயமில்லை. பிறந்த ஊர் யாரையும் தடுப்பதில்லை. உடம்பும் நாக்கும் அந்தக் கலைக்குப் பழகும்வரை விடாமல் உழைக்க வேண்டும், அவ்வளவுதான். வெண்ணந்தூரில் ஆடும் பெண்ணைப் பார்த்து “நமக்கெல்லாம் இது எதுக்குக் கண்ணு?” என்று கேட்காதீர்கள். முதலில் அவள் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். நன்றாக இருந்தால் நல்ல ஆசிரியரைத் தேடிக்கொடுங்கள்.