கரிசல் காட்டில் ஜப்பானியப் பாடம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஜப்பானிய மொழியைப் பல்கலைக்கழகப் பாடமாகப் படிக்க ஆசைப்பட்டால், முன்பெல்லாம் அது ஊரைவிட்டுக் கிளம்பும் காரியம். பட்டப்படிப்புக்கு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், சாந்திநிகேதன் போன்ற தொலைவிடங்களுக்குப் போக வேண்டும். அடிப்படை வகுப்புக்கே சென்னை போன்ற பெரிய நகரம்தான். வானம் பார்த்து மக்காச்சோளமும் உளுந்தும் விதைக்கிற வீட்டிலும், தறிக்கூலியில் ஓடுகிற வீட்டிலும், பிழைப்புக்கு உதவுமா என்றே தெரியாத ஒரு மொழிக்காக விடுதிச் செலவை ஏற்க யார் துணிவார்? பெண் பிள்ளை என்றால் பேச்சே எழாது.

இன்று அந்தப் பாடம் கைபேசிக்கே வருகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) ஜப்பானிய மொழியில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு வைத்திருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் வத்சலா மிஸ்ரா எடுத்த ஜப்பானிய வகுப்புகளை என்.பி.டி.இ.எல். தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுபவர் மட்டும் பணம் கட்டித் தேர்வு மையத்துக்குப் போய் எழுதவேண்டும். இணையத்தில் ஜப்பானியம் கற்றுத்தரும், ஜப்பான் ஃபவுண்டேஷனின் ‘மினாட்டோ’ தளமும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் தரும் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்தும் விட்டது.

தொலைதூரப் படிப்பு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தபாலில் வந்த பாடப் புத்தகங்களைக் கொண்டு பி.ஏ., எம்.ஏ. முடித்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் இங்கே நிறைய. ஆனால் அவர்கள் படித்தது வரலாறு, பொருளியல், தமிழ் இலக்கியம். வாயால் பேசிப் பழகவேண்டிய ஒரு மொழியைத் தபாலில் அனுப்ப முடியாது. இணையம் ஒலியையும் சேர்த்து அனுப்புகிறது என்பதால்தான் ஜப்பானியமும் இந்த வழியில் வர முடிந்தது.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஹிராகனா, கத்தகனா என்ற இரண்டு அசையெழுத்து வரிசைகளுக்கும் கோட்டு வரிசை மாறாமல் எழுதிப் பழக, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் காணொளியே வகுப்பறைக் கரும்பலகையை விட நல்லது. பதிவு செய்த பாடம் நூற்பு ஆலையின் இரவு ஷிப்டு முடிகிறவரை காத்திருக்கும். நேரலை வகுப்பு அப்படிக் காத்திருக்காது. ஜப்பானியக் கடிகாரம் நம்முடையதை விட மூன்றரை மணி நேரம் முந்தியது. இங்கே இரவு ஏழரைக்கு ஓய்வாக உட்காரும்போது அங்கே பதினொரு மணி. ஆக, அந்நாட்டு ஆசிரியரிடம் நேரடியாகக் கற்க நினைப்பவர் காலை நேரத்தைத்தான் ஒதுக்க வேண்டியிருக்கும்.

குறை என்றதும் எல்லோரும் சிக்னலையும் மின்தடையையும் சொல்வார்கள். அவை உண்டுதான், ஆனால் அதைவிடப் பெரிய குறை பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் படிப்புகள் ஆங்கிலம் வழியாக ஜப்பானியத்தைச் சொல்லித் தருகின்றன. இங்கே பெரும்பாலோர் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். ஆங்கிலம் தடுமாறும் என்பது ஒரு பக்கம். தமிழ் தெரிந்தவனுக்குப் பாதி தெரிந்த இலக்கணத்தை, ஒன்றுமே தெரியாதவனுக்குச் சொல்வதுபோலச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள் என்பதுதான் என்னை உறுத்துவது.

ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும், நம்மைப்போலவே. ‘இலிருந்து’, ‘வரை’, ‘இல்’ போன்றவை பெயருக்குப் பின்னால் ஒட்டும், நம்மைப்போலவே. ‘அவன் எழுதின புத்தகம்’ என்பதை அவர்களும் அதே வரிசையில் சொல்வார்கள். அவர்களுடைய ‘தே’ வடிவம் ஏறக்குறைய நம் வினையெச்சம். அதன்மேல் ‘பார்’ என்ற வினையை ஏற்றினால் ‘சாப்பிட்டுப் பார்’. ‘வை’ என்பதை ஏற்றினால் ‘வாங்கி வை’. ‘இரு’ என்பதை ஏற்றினால் செயல் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆங்கிலப் பாடநூல் இவை ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம் வைத்து, தனி விதி எழுதி, தனிப் பயிற்சி கொடுக்கிறது. திருச்சுழிப் பிள்ளைக்கு மூன்று உதாரணம் சொன்னால் மீதியை அதுவே சொல்லும். அகரவரிசையும் அப்படித்தான்: அ, இ, உ, எ, ஒ என்று உயிரில் தொடங்கி க, ச, த, ந என்று போகும் அவர்கள் வரிசை, பௌத்தத் துறவிகள் வழியாக இந்தியாவிலிருந்து போன எழுத்துமுறையைப் பின்பற்றி அமைந்தது.

இதை வைத்து இரண்டும் ஒரு தாய் மக்கள் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ அப்படி ஒரு கருத்துக்காகக் கடைசிவரை வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும் அமைப்பு ஒத்துப்போகிறது, கற்பிப்பதற்கு அது போதும். ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. ‘வா’, ‘கா’ என்ற இரண்டு உருபுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்குத் தமிழ் கைகொடுக்காது. ‘கஞ்சி’ எனப்படும், சீனத்திலிருந்து வந்த 2,136 அன்றாட எழுத்துகளுக்குத் தமிழும் கைகொடுக்காது, ஆங்கிலமும் கைகொடுக்காது. எங்கே ஓடலாம், எங்கே மெதுவாக நடக்கவேண்டும் என்று தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லும் பாடத்திட்டம் இந்தப் பல்கலைக்கழகப் படிப்புகளில் இல்லை. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் எளிய ஜப்பானியப் பாடங்கள் இந்தி, வங்காளம், உருதுவில் வந்திருக்கின்றன. அந்த வரிசையில் தமிழ் இல்லை. யூடியூபில் தமிழில் சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் செய்யவேண்டிய வேலையைத் தனியாட்கள் செய்கிறார்கள் என்றுதான் அதைக் கொள்ளவேண்டும்.

அடுத்தது காது. நம் பிள்ளைகளுக்குக் குறில் நெடில் பிசகாது. ‘ஒபசான்’ என்றால் அத்தை, ‘ஒபாசான்’ என்றால் பாட்டி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இங்கே இடறுவார்கள், நம்மவர்கள் இடறமாட்டார்கள். ஒற்று இரட்டிப்பதும் பழக்கம்தான். ஆனால் ‘கின்’ என்பது தங்கம். அதையே ‘கங்கை’யின் முதல் ஒலியோடு சொன்னால் வெள்ளி. நாம் இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதிப் பழகியவர்கள். வாயும் கொஞ்சம் அப்படியே பழகியிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் ஒரு வாரத்தில் இதைப் பிடித்துவிடுவார். பதிவு செய்த காணொளிக்குக் காது கிடையாது. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்பிலும் இது தெரியாது.

தேர்விலும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. வேலைக்கு எடுப்பவர்கள் பல்கலைக்கழகச் சான்றிதழைவிட ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வையே பார்க்கிறார்கள். என்5 முதல் என்1 வரை ஐந்து நிலை. எல்லாமே விடை தேர்ந்தெடுக்கும் வினாக்கள். பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. வேலை விசாவுக்கான ‘ஜே.எஃப்.டி.-பேசிக்’ என்ற கணினித் தேர்விலும் பேச்சு கிடையாது. பழைய ஜே.எல்.பி.டி. வழிகாட்டி அடி நிலைக்கு 150 மணி நேரப் படிப்பையும், உச்ச நிலைக்கு 900 மணியையும் சொன்னது. ஆறு மாதச் சான்றிதழ் எந்த முனையில் நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. சென்னையில் அதை நடத்துவது ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பு. அருப்புக்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போகும் சிலம்பு எக்ஸ்பிரஸ் தினசரி வண்டி அல்ல. வீட்டிலிருந்தே படித்தாலும், தேறியதைச் சென்னையில் காட்ட ஐந்நூறு கிலோமீட்டர் போகத்தான் வேண்டும்.

இதையெல்லாம் பேச இப்போது காரணம் உண்டு. ஐந்தாண்டுகளில் இரு நாடுகளுக்கிடையே ஐந்து லட்சம் பேர் போய்வர வேண்டும், அதில் இந்தியாவிலிருந்து திறன்பெற்றவர்கள் 50,000 பேர் ஜப்பானுக்குப் போகவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் இரு அரசுகளும் இலக்கு வைத்தன. வழியெங்கும் விடை தேர்ந்தெடுக்கும் தேர்விலேயே தேறிவந்த பிள்ளையின் ஜப்பானியத்தை முதன்முதலில் காது கொடுத்துக் கேட்பவர், ஆள் எடுக்க வந்த நிறுவனக்காரராக இருப்பார்.

அதற்கு முன்னால் யாராவது கேட்கவேண்டும். அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரி இருக்கிறது, சைவபானு சத்திரிய கல்லூரி இருக்கிறது. மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்து, மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஜப்பானியம் நன்றாகப் பேசுகிற ஒருவரை வரவழைத்தால், வீடியோவில் படித்தவர்கள் வாய்விட்டுப் பேசிப் பார்க்கலாம். தமிழ் இலக்கணம் தெரிந்த ஓர் ஆசிரியரும் ஜப்பானியம் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் ஒத்துப்போவதையும் ஒத்துப்போகாததையும் சேர்த்து ஒரு சிறு நூல் எழுதிவிடலாம். பாடத்தை இணையம் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. மீதிக்கு வேண்டியது ஓர் அறையும் ஓர் ஆளும் பேருந்துக் கட்டணமும்தான்.