தன் கதையும் தலைமுறைக் கதையும்: தமிழ் வாழ்க்கை நூல்கள் குறித்து மல்லேஸ்வரத்திலிருந்து சில சிந்தனைகள்

காடு மல்லேஸ்வரர் கோயிலுக்குப் பிரதோஷம் தவறாமல் போகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தக் கோயிலைச் சேர்ந்த பழைய கல்வெட்டு நம் தஞ்சாவூர்க் கதையோடும் தொடர்புடையது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? 1669-இல் மேதரநிங்கனஹள்ளி என்னும் கிராமத்தைக் கோயிலுக்கு மானியமாக விட்டவர் ஏகோஜி. சிவாஜிக்குத் தம்பி முறை. தந்தை ஒருவர், தாயார் வேறு. பெங்களூரில் இருந்த இதே ஏகோஜிதான் சில ஆண்டுகளுக்குள் தஞ்சை சென்று அங்கே மராத்திய ஆட்சியைத் தொடங்கினார். கல்லில் வெட்டியதால் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கொடை இன்றும் தெரிகிறது.

நம் வீடுகளின் கதை அப்படியில்லை. 1898 பிளேக்குக்குப் பிறகு மல்லேஸ்வரம் புதிய குடியிருப்பாக வளர்ந்தது. பின்னர் டாடா இன்ஸ்டிட்யூட், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., ஜாலஹள்ளியில் எச்.எம்.டி., 1954-இல் தொடங்கிய பி.இ.எல். என்று வேலை தேடித் தமிழ்க் குடும்பங்கள் இந்த நகரத்துக்கு வந்துகொண்டே இருந்தன. முதலில் வந்தவர் யார், யார் வீட்டில் தங்கினார், முதல் மாதச் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார் என்று கேட்டால், "அதெல்லாம் பெரியப்பாவுக்குத்தான் தெரியும், அவரும் போயிட்டாரே" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

வாழ்க்கைக் கதையைப் பதிந்துவைக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். எப்படிப் பதிவது, எது நல்ல பதிவு என்பதைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. அதற்குத் தமிழிலேயே அளவுகோல்கள் இருக்கின்றன என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை, தம் மரணத்துக்குச் சில நாட்கள் முன்பு வரையில், நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, வீட்டுச் சாவு, கவர்னர் முகம் சுளித்தது எல்லாம் அதில் உண்டு. 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். அதிகாரத்துக்கு அருகில் இருந்தும் தடுக்க முடியாத ஒருவரின் சங்கடம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது. மொழியோ பேசுகிற மொழி. பண்டிதர் பார்த்தால் பிழை திருத்தத் தோன்றும். ஆனால் அன்றைய புதுச்சேரித் தெருவின் குரல் நமக்குக் கிடைப்பது அந்தத் திருத்தாத நடையால்தான். அவர் இறந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 1846-இல் குறிப்பேடுகள் கண்டெடுக்கப்பட்டன. 1904 தொடங்கி 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தன. சாதாரணமாக எழுதியதே சரித்திரமாயிற்று.

அடுத்து, தமிழ்த் தன்வரலாறு என்றாலே நினைவுக்கு வரும் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942-இல் ஐயர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது, 1950-இல் நூலாயிற்று. இதன் பெருமையை ஏட்டுச்சுவடி தேடிய கதையில் மட்டும் காண்பது வழக்கம். என் பார்வையில் அதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, ஐயர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பெரிய பட்டியலே சொல்கிறார். முதலியார் அசையவில்லை. பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்று கேட்கும்போது ஐயரிடம் பதில் இல்லை. அன்று பட்ட கூச்சத்தை, நாடே 'தமிழ்த் தாத்தா' என்று கொண்டாடிய முதுமையில், அவர் மறைக்காமல் எழுதுகிறார். அந்தச் சந்திப்பிலிருந்துதான் 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு பிறந்தது. தம் தோல்வியைச் சொல்லத் துணிந்ததால் அவருடைய வெற்றியையும் நாம் நம்புகிறோம்.

இந்நூலிலும் ஒரு குறை உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பேச்சு, பழக்கம், வறுமை எல்லாம் கண்முன் நிற்கின்றன. அதே வீட்டில் வாழ்ந்த பெண்கள் அவ்வளவு துலக்கமாக வருவதில்லை. இது ஐயர் ஒருவரின் குறையில்லை. அக்காலத்து ஆண்கள் எழுதிய தன்வரலாறுகள் பலவற்றிலும் அடுப்படி இருட்டாகவே இருக்கிறது. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது தமிழுக்கு அது அதிர்ச்சியாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தலித் பெண், தன் ஊர்ப் பேச்சிலேயே, தன் தெருவை எழுதினார். யார் எழுதலாம், எந்தத் தமிழில் எழுதலாம் என்ற இரண்டு வேலிகளும் ஒரே நூலில் விழுந்தன.

எழுதாமலே போன பெண்களின் கதை? இங்கே மைதிலி சிவராமன் (1939-2021) ஆங்கிலத்தில் எழுதி 2006-இல் வெளிவந்த 'ஃபிராக்மென்ட்ஸ் ஆஃப் எ லைஃப்' நூலை நாம் அவசியம் படிக்க வேண்டும். தொழிற்சங்கத்திலும் மாதர் இயக்கத்திலும் உழைத்த மைதிலி, தம் பாட்டி சுப்புலட்சுமியின் வாழ்க்கையை, அவர் விட்டுப்போன நாட்குறிப்பு, கடிதங்கள், துண்டுக் குறிப்புகளிலிருந்து கட்டியெழுப்பப் பார்க்கிறார். சிறுமியாயிருக்கும்போதே கல்யாணம், சின்ன வயதிலேயே பிள்ளைப்பேறு. அப்படிப்பட்டவர் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்திருக்கிறார். குறிப்புகளோ மிகச் சுருக்கம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே என்ன நடந்தது என்று பேத்திக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல், 'துண்டுகள்' என்றே தலைப்பில் ஒப்புக்கொள்வதுதான் நூலின் நேர்மை. படித்து முடித்ததும் ஒரு ஏக்கம் மிஞ்சுகிறது: பாட்டி இருந்தபோதே யாராவது உட்கார்ந்து கேட்டிருக்கக் கூடாதா?

அப்படிக் கேட்பதையே வேலையாகச் செய்தவர்களும் உண்டு. எழுத்தாளர் அம்பை (சி.எஸ்.லக்ஷ்மி) 1988-இல் மும்பையில் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய 'ஸ்பேரோ' பெண்களின் வாழ்க்கையைக் குரலிலும் படத்திலும் சேமித்தது. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய 'ஸ்டோரிகோர்' முறை இன்னும் எளிது. ஒருவரையொருவர் நன்கறிந்த இருவர் நாற்பது நிமிடம் பேசுகிறார்கள். ஒலிப்பதிவு அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகிறது. பேட்டியாளர் என்று வெளியாள் யாரும் இல்லை. பேரன் கேட்கிறான், பாட்டி சொல்கிறாள், அவ்வளவுதான்.

நம் நகரத்துக் கன்னட எழுத்திலும் பாடம் இருக்கிறது. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசியவர். தம் வாழ்க்கையை 'பாவ' என்று மூன்று தொகுதிகளாகக் கன்னடத்தில் எழுதினார். டி.வி.குண்டப்பாவின் 'ஞாபக சித்ரசாலை' வேறு வழி: தம்மைப் பற்றிப் பேசுவதைவிடத் தாம் கண்ட மனிதர்களை எட்டுத் தொகுதிகளில் வரைந்து வைத்தார். 'என்னைப் பத்தி நானே எழுதறதா' என்று கூச்சப்படும் நம் பெரியவர்களுக்கு டி.வி.ஜி. காட்டிய வழி பொருந்தும்.

இந்த அளவுகோல்களை வைத்து நம் வீட்டுப் பதிவுகளைப் பார்ப்போம். சஷ்டியப்தபூர்த்திக்கும் சதாபிஷேகத்துக்கும் வீடியோ எடுக்கிறோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, "அப்பா ரொம்ப நல்லவர், எங்களுக்காகவே உழைச்சார்" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதில் அப்பா எங்கே? எந்த மில்லில், எந்த ஷிப்டில், எந்த சைக்கிளில் போனார் என்பது இல்லை. கடன் வாங்கியது, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது, அம்மா வேலைக்குப் போக ஆசைப்பட்டு நின்றுபோனது எதுவும் இல்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது, வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், தமிழில் பேசாதே என்று பிள்ளைகளிடம் சொன்னார்களா, எந்தக் கன்னடக்காரர் கதவைத் திறந்துவிட்டார் என்பதும் இல்லை. வருத்தத்தை விட்டுவிட்டால் அந்த நன்றியும் சேர்ந்தே மறைந்துபோகும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "குடும்ப மானத்தை ஏன் சந்தியில் வைக்க வேண்டும்?" என்பார்கள். எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொல்கிறவர் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். சில பகுதிகளை இத்தனை வருடம் கழித்துக் கேட்கலாம் என்று எழுதிவைக்கலாம். ஆனால் நல்லதை மட்டும் சேர்த்த கதையைப் பேரப்பிள்ளைகள் நம்பமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்.

இன்னொன்று எழுத்து. நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. நாம் எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம் நாளை அவர்களுக்கு வட்டெழுத்து மாதிரிதான். குரல் அப்படியில்லை. "எட்டாவது கிராஸ் மார்க்கெட்டுக்கு ஹோகிட்டு வந்தேன்" என்று கன்னடம் கலந்து பாட்டி பேசும் தமிழ் எந்த அகராதியிலும் வராது. ஒலிப்பதிவில் மட்டுமே வாழும். எனவே குரலும் வேண்டும், அதைக் கேட்டு எழுதிய பிரதியும் வேண்டும். பிரதியில் தேதி, ஊர்ப்பெயர், படத்தில் இருப்பவர் பெயர் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். மொழியை மட்டும் திருத்தக் கூடாது. ஆனந்தரங்கப் பிள்ளையை யாரும் திருத்தாததால்தானே அவர் நமக்குக் கிடைத்தார்!

கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்றால், "எங்கிட்ட என்ன இருக்கு சொல்ல?" என்றுதான் பாட்டி எழுந்து போவாள். "பெங்களூர் வந்த அன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, யார் சமைச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ரயில், கூட வந்தவர்கள், குளிர், இரவல் கம்பளி, மொழி தெரியாமல் பால்காரரிடம் தவித்தது என்று ஒவ்வொன்றாக வரும். நாம் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.

ஏகோஜிக்குக் கல் வெட்ட ஆள் இருந்தார்கள். நம் பெரியவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம். இந்த மலரை மூடிவைக்கும் முன், வீட்டில் எண்பதைத் தாண்டியவர் யாரேனும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.