விதைத்தோரும் அறுத்தோரும்

ஒரு கலைப்படைப்பின் தரத்தை அதன் விற்பனையைக் கொண்டு அளத்தல் பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்க நாட்டின் ஃபிளையிங் பரீட்டோ பிரதர்ஸ் எனும் இசைக்குழுவின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புற வாழ்வில் வேரூன்றியது 'கண்ட்ரி' இசை. இளைஞரைக் கவர்ந்த மின்கிதாரின் முழக்கம் 'ராக்' இசை. 1960களில் இவ்விரண்டின் சுவைஞரும் ஒருவரையொருவர் ஐயுற்றே நோக்கினர். பேர்ட்ஸ் குழுவிலிருந்து பிரிந்த கிராம் பார்சன்ஸ், கிறிஸ் ஹில்மன் ஆகிய இருவரும் 1968இல் புதிய குழுவைத் தோற்றுவித்து, இவ்விரு இசைகளையும் இணைக்க முற்பட்டனர்.

1969இல் வெளிவந்த 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' எனும் முதல் இசைத்தட்டே இவர்தம் சாதனை. இருவர் குரல் இழைந்தொலிப்பது பழைய கண்ட்ரி மரபு. அம்மரபிலேயே, கருப்பினப் பாடகர்களால் புகழ்பெற்ற இரு 'சோல்' பாடல்களையும் இவர்கள் பாடினர். குழைந்தொலிக்கும் பெடல் ஸ்டீல் கிதாரின் ஓசையை ஸ்னீக்கி பீட் கிளைனோ மின்கருவியால் கரகரப்பாக்கி, ராக் இசையின் வேகத்தை அதற்கு ஊட்டினார். இணைப்பு ஒட்டுப்போட்டதாகத் தோன்றாமல் இயல்பாய் அமைந்தது இதனாலேயே.

எனினும், அவ்விசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 164ஆம் இடத்திற்கு மேல் ஏறவில்லை. 1970இல் வந்த இரண்டாம் இசைத்தட்டில் முதலதன் ஆழம் இல்லை. ஒழுங்கைப் பேணாத பார்சன்ஸ் அவ்வாண்டே குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1973இல் தம் 26ஆம் அகவையில் மறைந்தார்.

அவ்விரண்டாம் இசைத்தட்டில் பங்குகொண்ட பெர்னி லெடன், 1971இல் ஈகிள்ஸ் குழுவைத் தொடங்கிய நால்வருள் ஒருவரானார். அக்குழு 1976இல் வெளியிட்ட பாடல் தொகுப்புக்கு, 2018இல் அமெரிக்காவில் 3 கோடியே 80 இலட்சம் படிகளுக்குரிய விற்பனைச் சான்று கிட்டியது. பரீட்டோ குழுவினர் உழுது விதைத்த நிலத்தில் பிறர் அறுவடை கண்டனர்.

அதனால் ஈகிள்ஸ் குழுவைத் தாழ்த்துதல் முறையன்று. பாடலமைப்பின் தெளிவும் செப்பமும் அவர்தம் வலிமை; பரீட்டோ குழுவுக்கு நிலைத்து வாய்க்காதவை அவையே. விற்காமை ஒன்றே உயர்வுக்குச் சான்றாகாது. மிகுதியாய் விற்றமை தாழ்வுக்கும் சான்றாகாது. புதுவழி கண்டவரையும் அவ்வழியைச் செப்பனிட்டவரையும் தனித்தனியே ஆராய்ந்து, அவரவர்க்கு உரியதை வழங்குவதே திறனாய்வாளன் கடன். இலக்கியம் பயிற்றும் ஆசிரியர்கள், பல பதிப்புக் கண்ட நூல்களோடு, ஒரே பதிப்போடு நின்றுவிட்ட நூல்களையும் மாணவர் கையில் கொடுத்து, இவ்வாறு ஆராயப் பழக்குதல் வேண்டும்.