இருபத்தைந்து படுக்கைகளும் ஒரு பூஜ்யமும்

அமெரிக்கக் கிராமப்புறங்களில் ‘கிரிட்டிக்கல் ஆக்சஸ்’ என்ற வகையைச் சேர்ந்த சிறு மருத்துவமனைகள் 1,300-க்கு மேல் இயங்குகின்றன. கிராம ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுவந்த நிலையில், மிச்சமிருந்தவற்றைக் காப்பாற்ற 1997-இல் சட்டம் போட்டு உண்டாக்கிய வகை இது. உள்நோயாளிப் படுக்கைகள் 25-ஐத் தாண்டக் கூடாது. நோயாளி தங்கும் நேரம் ஆண்டுச் சராசரியில் 96 மணிக்குள் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்த இடத்தில் தொற்றிக்கொள்ளும் நோய்களைக் கணக்கெடுக்க அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2005 முதல் என்.எச்.எஸ்.என். என்ற வலையமைப்பை நடத்துகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதைச் சிறியவற்றுக்கும் மாட்டும்போது தோள்பட்டை எங்கெங்கே தொங்குகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணிப் பார்த்தால் தொற்று குறையும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1970-களின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 1985-இல் வெளியான ‘செனிக்’ ஆய்வு, கண்காணிப்பும் கட்டுப்பாடும் ஒழுங்காக நடந்த இடங்களில் தொற்று 32 விழுக்காடு குறைந்ததாகவும், அவை இல்லாத இடங்களில் 18 விழுக்காடு கூடியதாகவும் காட்டியது. அறுவை செய்த மருத்துவரிடமே அவருடைய நோயாளிகளின் காயத் தொற்று விகிதத்தைத் தெரிவிப்பது அந்த ஏற்பாட்டில் ஒரு முக்கியக் கூறு. பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழுவினர் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கை கழுவுவது முதல் தேவையற்ற குழாயை உடனே எடுப்பது வரை ஐந்தே பழக்கங்களை வலியுறுத்தி, மாதாமாதம் விகிதத்தையும் சொல்லிவந்தார்கள். ரத்தக்குழாயில் செருகிய குழாய் வழித் தொற்றின் இடைநிலை விகிதம், குழாய் இருக்கும் ஆயிரம் நாளுக்கு 2.7-இலிருந்து மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. 2006-இல் அச்சான அந்த முடிவுக்குப் பிறகு ‘பூஜ்யம்’ பல மருத்துவமனைகளுக்கும் இலக்கானது.

சிறிய இடத்தில் சிக்கல் அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் ஆண்டு முழுக்க 200 ‘கதீட்டர் நாட்கள்’ என்று வைத்துக்கொள்வோம். சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்களைத் தினமும் ஒரே நேரத்தில் எண்ணி, ஆண்டு முழுதும் கூட்டிய தொகை அது. தொற்று ஒன்றுகூட இல்லை. பாராட்டுப் பத்திரம் சுவருக்குப் போகிறது. புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு. நிகழ்வு எதுவுமே பதிவாகாதபோது, 3-ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்தால், உண்மை விகிதம் எந்த உயரம்வரை இருக்கக்கூடும் என்று 95 விழுக்காடு நம்பகத்தோடு சொல்லிவிடலாம். இங்கே அது ஆயிரம் நாளுக்கு 15. படுமோசமான வார்டும் அந்தப் பாராட்டை வாங்கியிருக்க முடியும். அடுத்த ஆண்டு ஒரே ஒரு பாட்டிக்குத் தொற்று வந்தால் விகிதம் 5-க்குத் தாவும், வார்டில் ஒன்றுமே மாறாமல். என்.எச்.எஸ்.என்.-க்கும் இது தெரியும். எதிர்பார்க்கப்படும் தொற்று ஒன்றுக்குக் குறைவாக இருந்தால், ஒப்பீட்டு விகிதத்தை அது கணக்கிடுவதே இல்லை. அதாவது மாதந்தவறாமல் விவரம் அனுப்பும் பல சிறு மருத்துவமனைகளுக்குத் திரும்பக் கிடைப்பது வெற்றுக் கட்டம்.

தேடாததாலும் பூஜ்யம் வரும். ரத்தக்குழாய்த் தொற்று என்று பதிய, பொதுவாக ரத்த கல்ச்சரில் கிருமி வளர்ந்திருக்க வேண்டும். சிறுநீர்க் குழாய்த் தொற்றுக்குச் சிறுநீர் கல்ச்சர். காய்ச்சல் கண்டதும் மாதிரி எடுக்காமல் ஆன்டிபயாட்டிக்கை ஏற்றிவிட்டால் நோயாளிக்குத் தொற்று இருக்கும், ஏட்டில் இருக்காது. (நம் ஊர்ப்பக்கச் சமுதாய சுகாதார நிலையங்களில், 30 படுக்கை இருந்தும் கல்ச்சர் வசதி இல்லாதவை பல. அங்கே இதே கணக்கெடுப்பைத் தொடங்கினால் பூஜ்யங்கள் குவியும்.) நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிய அன்றோ மறுநாளோ தொற்று வெளிப்பட்டால், அது அனுப்பிய இடத்தின் கணக்கில் சேர வேண்டும் என்பது விதி. அங்கிருந்து யாராவது போன் செய்து சொன்னால்தான் இங்கே தெரியும்.

இதையெல்லாம் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு செவிலியர். தொற்றுக் கட்டுப்பாட்டோடு பணியாளர் நலம், தடுப்பூசி, பயிற்சி வகுப்பு எல்லாம் அவர் தலையில். கணினியில் கட்டங்களை நிரப்பும் நேரம் வார்டிலிருந்துதான் கழிகிறது.

விளைவை விட்டுச் செயலை எண்ணலாம் என்பார்கள். எத்தனை முறை கை கழுவினார்கள், குழாய் இன்னும் தேவையா என்று எத்தனை நாள் கேட்டார்கள் என்பதற்கு இருபத்தைந்து படுக்கையிலும் போதுமான எண்கள் கிடைக்கும். எனக்கும் இது பிடித்த வழிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. சிறிய ஊரில் கவனிப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்; யாரும் அவர் முன் கை கழுவாமல் இருக்கமாட்டார்கள். செயல் கூடினால் விளைவு தானே வரும் என்பதும் உறுதியில்லை. உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் ‘பெட்டர்பர்த்’ ஆய்வு பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயிற்சியாளர்களோடு கொண்டுசேர்த்தது. சரியான நடைமுறைகள் தெளிவாகக் கூடின. தாய்சேய் மரணம் குறையவில்லை. 2017-இல் வந்த அந்த முடிவை, தரவுத் திட்டம் தீட்டுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

சிறிய இடத்துக்கென்று ஒரு பலமும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு தொற்றுதான் என்றால் இரண்டையும் நாள்வாரியாக விரித்துப் பார்க்கலாம். குழாயை யார் போட்டது, ஏன் போட்டது, மூன்றாம் நாளே எடுத்திருக்கலாமா, அன்று இரவுப் பணியில் எத்தனை பேர் என்பதற்கெல்லாம் கேஸ் ஷீட்டோடு மனிதர்களும் பதில் சொல்வார்கள். ஐந்நூறு படுக்கை ஆஸ்பத்திரியில் இது நடக்காது. ஆனால் பதில் சொல்ல பயம் இருக்கக் கூடாது. அமெரிக்க அரசு 2014 அக்டோபர் முதல், தொற்றும் பிற கேடுகளும் மிகுந்த கடைசிக் கால்பங்கு மருத்துவமனைகளுக்குக் கட்டணத்தில் 1 விழுக்காட்டைப் பிடிக்கிறது. கிரிட்டிக்கல் ஆக்சஸ் வகைக்கு இதிலிருந்து விலக்கு. சிலர் இதைச் சலுகை என்று குறைசொல்கிறார்கள். என் பார்வையில், சிறு மருத்துவமனை கல்ச்சருக்குத் துணிந்து மாதிரி அனுப்ப இந்த விலக்கு அவசியம்.

விகிதம் வேண்டும் என்றால் இருபது மருத்துவமனைகளின் கணக்கைச் சேர்க்கலாம். 4,000 கதீட்டர் நாட்களில் தொற்றே இல்லையென்றால் மேல் எல்லை ஆயிரத்துக்கு 0.75, அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் உண்டு. ஆனால் இருபதில் ஒன்று தடுமாறினால் அந்தக் கூட்டுத்தொகை அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு, அந்த இரண்டு கேஸ் ஷீட்டுகளையும் அதே வாரத்தில் எடுத்து வாசிக்கும் ஒரு செவிலியரும், அவருக்கு வேறு வேலை இல்லாத ஒரு பிற்பகலும் வேண்டும்.