கரண்டி யார் கையில்?

அம்மா இருபது வருஷம் ஒரு சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தாள். பதவியின் பெயர் சமையல் உதவியாளர். காய் நறுக்குவாள், அரிசி களைவாள், தண்ணீர் சுமப்பாள், அண்டா தேய்ப்பாள். ஆனால் உலையில் அரிசி போட்டதில்லை, சாம்பாரில் கரண்டி விட்டதில்லை. எங்கும் எழுதிவைத்த விதி இல்லை இது. முதல் நாளே, "நீ வெளிவேலைய மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் எந்தத் தெரு என்று ஊருக்கே தெரியும் என்பதால் அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் படித்ததும் அந்தப் பள்ளியில்தான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். மத்தியான மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி.

போன மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு நண்பர் கேட்டார்: "சத்துணவப் பத்தி தமிழ்ல உங்களுக்குப் பிடிச்ச கதை எது?" பசியைப் பற்றிய கதைகள் ஆளுக்கு ஐந்தாறு வந்தன. பந்தி, எச்சில் இலை, பஞ்சம், கஞ்சித்தொட்டி எல்லாம் வந்தன. பள்ளிக்கூடச் சோறு மட்டும் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

கதையே இல்லை என்றும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. சேரன்மகாதேவிப் பக்கம் ரயில்வே கேட்டில் காமராஜரின் கார் நிற்கிறது. மாடு மேய்க்கும் சிறுவனிடம் "ஏன் பள்ளிக்கூடம் போகல?" என்கிறார். "சோறு யார் போடுவா?" என்று சிறுவன் திருப்பிக் கேட்கிறான். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றங்களோடு இதைச் சொல்கிறார்கள். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடமே அரிசியும் பருப்பும் திரட்ட வைத்தார். அதற்கும் முன்பே, 1920-ல், பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டிருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகக்கூடாது என்பது கணக்கு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அவர் சின்ன வயதில் பட்ட பட்டினி அந்தக் கதையின் முன்னுரை ஆனது. 2022-ல் காலை உணவு வந்தபோது முதல்வர் பிள்ளைக்கு ஊட்டும் படம் வந்தது.

இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்தச் சோறு இல்லாவிட்டால் நான் பத்தாவது தாண்டியிருக்க மாட்டேன். என் வருத்தம் கதை சொல்கிற விதத்தில் இருக்கிறது. நூறு வருஷமாக நாம் இதைக் கொடுத்தவரின் கதையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதில் பிள்ளை வருவது கொடுப்பவரின் மனம் இளகுவதற்காக. மாடு மேய்த்த அந்தப் பையனுக்குப் பெயர் இல்லை. அடுத்த நாள் அவன் பள்ளிக்குப் போனானா, அங்கே யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று எந்த மேடையும் கேட்டதில்லை.

*

வள்ளல் கதைகளுக்கெல்லாம் மூலப்பாத்திரம் மணிமேகலையின் அமுதசுரபி. சத்துணவு விழா என்றாலே மேடையில் அதிலிருந்து ஒரு வரி வந்துவிடும். நானும் பள்ளிப் பேச்சுப்போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். கல்லூரியில் முழுக்கப் படித்தபோதுதான் அந்த வரிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

அமுதசுரபியை முதலில் வைத்திருந்தவன் ஆபுத்திரன். தாய் விட்டுவிட்டுப் போக, பசு பாலூட்டிக் காத்து, அந்தணர் வீட்டில் வளர்ந்தவன். வேள்விப் பசுவை அவிழ்த்துவிட்டதற்காக ஊர் அவன் பிறப்பைக் கிளறிப் பழித்துத் துரத்துகிறது. பிச்சைக்குப் போனால் ஓட்டில் கல்லைப் போடுகிறார்கள். அப்புறம்தான் மதுரைக்கு வருகிறான். பார்வையற்றவர்களையும் கால் முடங்கியவர்களையும் கூப்பிட்டு, பிச்சையில் கிடைத்ததைப் பகிர்ந்து உண்கிறான். வற்றாத பாத்திரம் அவன் கைக்கு வருவது அதற்குப் பிறகு. அவனுக்கு அடுத்து அதை ஏந்துகிறவள் மாதவியின் மகள், கணிகையர் குலம் என்று ஊர் சொன்ன வீட்டுப் பெண்.

பசிப்பிணி தீர்க்கும் பாத்திரத்தைச் சாத்தனார் யார் கையில் கொடுத்தார் என்று கவனியுங்கள். பிறப்பால் பழிக்கப்பட்ட இரண்டு பேரின் கையில். அந்தக் கையிலிருந்து சோறு வாங்கித் தின்னச் சம்மதமா என்ற கேள்வி காப்பியத்துக்குள்ளேயே இருக்கிறது. நாம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டோம். எட்டாம் வகுப்பில் நான் பரிசு வாங்கிய அன்று, மேடைக்குப் பின்னால் ஐம்பதடி தூரத்தில் அம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

*

இலவசச் சோற்றைப் பற்றிய நவீனக் கதை என்றால் என் தலைமுறைக்கு ஜெயமோகனின் 'சோற்றுக் கணக்கு'. திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் கெத்தேல் சாகிப்பின் கடை. பில் கிடையாது. வெளியே ஒரு டப்பா. போடுகிறவர்கள் போடலாம், போடாமலும் போகலாம். பசித்த மாணவனுக்கு அவர் மீனும் கறியுமாக அள்ளி வைக்கிறார். ஒருபக்கம் சோற்றைச் சொல்லிக்காட்டும் உறவு, இன்னொரு பக்கம் எதையும் கேட்காத அந்நியர். முதல் தடவை படித்து அழுதேன். இரண்டாவது தடவை ஒரு புகாரோடு படித்தேன்: இதுவும் ஒரு மாமனிதரின் கதைதானே? கெத்தேல் சாகிப் செத்துப்போனால் அந்த மாணவன் என்ன செய்வான்?

மூன்றாவது தடவைதான் புரிந்தது. அந்தக் கதையின் உயிர் அவர் கொடுப்பதில் இல்லை, பார்க்காமல் இருப்பதில் இருக்கிறது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சாப்பிட வந்தவனின் மானத்தை அது காப்பாற்றுகிறது. ஒரு அரசாங்கம் சோறு போட்டால் எப்படிப் போடவேண்டுமோ அப்படி ஒரு தனிமனிதர் போட்டிருக்கிறார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தரவேண்டும், குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்துக்கு 200 நாள் என்று உத்தரவு போட்டது. அந்த உத்தரவுக்கும் கெத்தேல் சாகிப்புக்கும் இந்த இடத்தில் உறவு இருக்கிறது. சோறு தயவாக இருப்பது நின்று உரிமையாக மாறும் இடம் அது.

எங்கள் பள்ளியில் பார்த்தார்கள். "ஒங்கப்பாவுக்குத்தான் வேல கெடச்சிருச்சே, நீயும் வரிசைல நிக்க?" என்று ஒரு ஆசிரியர் என் தோழியைக் கேட்டார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. வீட்டில் சாப்பாடு இருந்ததா என்றால், அதுவும் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படிப்பதுபோல் புத்தகத்தை வைத்திருப்பாள்.

*

அரசாங்கத்துக்கு இந்தச் சோறு எண்ணாகத் தெரிகிறது. தேசிய அளவுகோலில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். மொத்தம் 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறிலிருந்து எட்டு வரை 150 கிராம் தானியம், 700 கலோரி, 20 கிராம் புரதம். வளர்கிற எலும்புக்கு இது தேவை, கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. முட்டையின் வரலாறே என் வளர்ச்சியின் வரலாறுதான். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, நான் பள்ளியில் சேர்ந்தபோது வாரத்துக்கு ஒன்று. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் ஐந்து. என் உடம்பில் இருக்கும் புரதத்துக்கு அரசாணை எண் உண்டு என்று நண்பர்களிடம் ஜம்பமாகச் சொல்வேன்.

ஆனால் அந்த எண் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் சத்துணவு கிடையாது. வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை மட்டும் உண்டு. நான் படித்தபோது அதில் 100 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருந்தது. "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்பார்கள். சாப்பிட எதுவும் கொண்டுவராதவர்களும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டோம். வெறும் வயிற்றில் இரும்பு போனால் குமட்டும். எனக்கு வாந்தி வந்தது, இரண்டு பிள்ளைகளுக்குத் தலைசுற்றல். அடுத்த வாரத்திலிருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, வெளியே வந்து துப்பினோம். பதிவேட்டில் உட்கொண்டோர் எண்ணிக்கை முழுசாக ஏறியது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதைப் படித்தபோது எனக்கு அந்த வேலியோரம்தான் ஞாபகம் வந்தது. வரிசையாகக் குனிந்து துப்பிக்கொண்டிருந்த ஒல்லிப் பிள்ளைகள்.

அரசுத் தமிழ் எங்களைப் 'பயனாளி' என்கிறது. பயனாளிக்குக் கலோரி இருக்கிறது, நாக்கு இல்லை, கூச்சம் இல்லை. இந்த இடத்தில்தான் இலக்கியமும் சினிமாவும் வந்திருக்கவேண்டும். மாரி செல்வராஜின் 'வாழை' வந்தது. லீவு நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போகும் பள்ளிச் சிறுவன், பசி தாங்காமல் ஒரு பழத்தைப் பறித்ததற்கு அடிவாங்குகிறான். 200 நாள் கணக்குக்கு வெளியே மீதி நாட்கள் இருக்கின்றன, அந்த நாட்களிலும் வயிறு இருக்கிறது என்று அந்தப் படம் சொன்னது. கடைசியில் சாவு வீட்டில் அவன் சோற்றுப் பானையைத் தேடிப் போகிற காட்சியில், பசி துக்கத்துக்காகக் காத்திருக்காது என்று தெரிந்தவர்கள் தியேட்டரில் தலைகுனிந்தார்கள். பார்க்கிற கண் பிள்ளையின் உயரத்தில் இருந்ததால் அது சாத்தியமானது. அந்தக் கண்ணைச் சத்துணவுக் கூடத்துக்குள் இன்னும் யாரும் கொண்டுபோகவில்லை என்பதே என் புகார்.

*

உள்ளே போனால் கரண்டியைப் பார்த்தாக வேண்டும்.

2004-ல் உச்ச நீதிமன்றம், சமையலர், உதவியாளர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கையின் சோற்றைத் தின்று வளர்ந்தால் அது கலோரியைவிடப் பெரிய சத்து என்று நீதிமன்றம் நினைத்திருக்க வேண்டும். 2023-ல் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டி கிராமத்தில், சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகள் காலை உணவைச் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சரும் எம்.பி.யும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சரியான காரியம். 1956-ல் திட்டம் தொடங்கிய எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே, அறுபத்தேழு வருஷம் கழித்து, கேள்வி சோற்றிலிருந்து கைக்கு மாறியிருந்தது. அப்போதும் படத்தில் நடுவில் இருந்தவர்கள் சாப்பிட்ட தலைவர்கள். அடுப்படியில் நின்ற அந்தப் பெண் அன்று காலை என்ன நினைத்துக்கொண்டு உப்புப் போட்டிருப்பார்?

அரசு சத்தை எண்ணுகிறது, நாங்கள் எழுதுகிறவர்கள் பசியைப் பாடுகிறோம், மேடை கொடையைப் புகழ்கிறது. சமைத்த கை மூன்றிலும் விடுபட்டுப்போகிறது. காலமுறை ஊதியம் கேட்டு, ஓய்வூதியம் கேட்டு, வெயிலில் உட்கார்ந்து போராடும் சத்துணவு ஊழியர்களைச் செய்தியில் பார்க்கிறோம். ஒரு கதாபாத்திரமாக அவர்களை நாம் பார்த்ததில்லை.

இதை எழுதுவதற்கு முன் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டாள். ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன்: "இருவது வருஷத்துல ஒரு நாளாச்சும் நீ சாம்பார் வச்சிருக்கியாம்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தாள்.

"ஒரு நா சமையக்கார அக்காவுக்கு நல்ல காய்ச்ச. எந்திரிக்கவே முடியல. 'ஏ, நீயே வச்சிரு, வெளிய சொல்லிராத'ன்னுச்சு. கதவச் சாத்திக்கிட்டு நாந்தான் வச்சேன். அன்னைக்குப் பிள்ளைகள்லாம் ரெண்டாந்தடவ வந்து ஊத்தச் சொல்லிக் கேட்டுச்சுக."

"எந்த வருஷம்?"

"நீ நாலாவதோ அஞ்சாவதோ."

அப்படியென்றால் அன்று நானும் தட்டோடு வரிசையில் நின்றிருப்பேன். இரண்டாவது தடவை கேட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.