கிடங்கும் கோடவுனும்

மலாய்ச் சொல்லொன்று தமிழ்ச் சொல்லை ஒத்திருக்கக் கண்டதும், ‘அது நம்முடையதே’ என்று முழங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒலியொப்புமை ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. இதற்குக் ‘கிடங்கு’ நல்லதொரு சான்றாகும்.

கிடத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது இச்சொல். பழந்தமிழில் இது கோட்டையைச் சூழ்ந்த அகழியைக் குறித்தது. நீர் கிடக்குமிடம் அகழி. பண்டம் கிடக்குமிடம் பண்டகசாலை. இருபொருளும் ஓரடியில் அடங்குதல் காண்க.

மலாயில் பண்டகசாலைக்குக் ‘குடாங்’ என்று பெயர். ஆங்கிலேயர் வழங்கிய ‘கோடவுன்’ இதனோடு உறவுடையது. கீழே இறங்கிச் செல்லும் இடமாதலால் அப்பெயர் வந்ததென்று ஆங்கிலச் சொற்களாகப் பிரித்துரைப்பது வெறுங்கதை. 1886-இல் வெளிவந்த யூல், பர்னல் ஆகியோரின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியே அதன் மூலத்தை மலாய் வழியாகத் தென்னிந்தியாவில் தேடிற்று.

ஆயின், மலாய்ச் சொல் நேரே தமிழிலிருந்து சென்றதா? இங்கேதான் நிதானம் வேண்டும். கடை ‘கெடாய்’ ஆயிற்று; கட்டில் ‘காத்தில்’ ஆயிற்று. இவற்றில் முதற்ககரம் வல்லொலியாகவே நிற்கின்றது. ‘குடாங்’ என்பதிலோ அது ‘கங்கை’யின் முதலொலிபோல் ஒலிக்கின்றது. தெலுங்கில் பண்டகசாலையைக் குறிக்கும் ‘கிட்டங்கி’யும் அவ்வொலியுடனேயே தொடங்குகின்றது. முதலுயிரான இகரம் உகரமானதற்கு எவ்வழியில் கொண்டாலும் விளக்கம் தேவை. எனவே, ‘தென்னாட்டுத் திராவிடச் சொல்’ என்பதே நடுநிலையான முடிபு. தமிழின் பங்கை அது மறுக்கவில்லை. தெலுங்கின் பங்கையும் மறைக்கவில்லை.

1983-இல் சிங்கப்பூர் ஆற்றிலிருந்து சரக்குத் தோணிகள் அகன்றன. அதுவரை அதன் கரைகளில் விளங்கிய பண்டகசாலைகளும் கோடவுன்களே. தமிழரும் அவற்றைக் ‘கோடவுன்’, ‘குடோன்’ என்றே வழங்கினர். கடல் கடந்த சொல் உருமாறித் திரும்பியபோது, உறவறியாது அதனை அயற்சொல்லாகவே ஏற்றுக்கொண்டோம்.

மாணவர்க்குச் சொல்வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், பெருமையைமட்டும் கூறி நின்றுவிடலாகாது. ஒலி மாறிய முறையையும் உடன் காட்டுதல் வேண்டும். பிறமொழியின் பங்கை ஒப்புக்கொள்வதால் தமிழ் சிறுமையுறாது. சான்றில்லாத உரிமைக் கூற்றால், சான்றுள்ள உரிமையும் ஐயத்துக்கு உள்ளாகும்.