நாயுடு என்று தேடினால்

ஒரே குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள் அனைவரையும் பழைய ஆவணங்களிலிருந்து தேடித் தொகுப்பது இங்கிலாந்தில் ஒரு தனி ஆய்வுமுறையாக வளர்ந்திருக்கிறது. அதற்கென்றே 1979இல் ஒரு சங்கமும் தொடங்கப்பட்டது. பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு, உயில், கல்லறைக் கல் எனக் கிடைப்பதையெல்லாம் ஒரு பெயரின் கீழ் அடுக்குவார்கள். பொறுமை வேண்டிய வேலை, மதிக்கத்தக்க வேலை. ஆனால் இந்த முறைக்குள் ஒரு சாய்வு இருக்கிறது. குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. மகளோ திருமணத்தோடு அந்தப் பெயரைவிட்டு வெளியேறுகிறாள். இன்னொரு பெயரின் பட்டியலில், முன்கதை இல்லாதவளாக, யாரோ ஒருவருடைய மனைவியாக நுழைகிறாள். பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவர் ஆண்களின் தடத்தில்தான் நடக்கிறார்.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது, தலைப்பெழுத்துதானே என்று கேட்கலாம். அந்தத் தலைப்பெழுத்தும் பெரும்பாலும் தந்தையுடையதுதான். குடும்பப் பெயர் இல்லாத தமிழர்களுக்கு அது எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைக் காட்டும் ஆவணத் தொகுதி ஒன்றும் இருக்கிறது: தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரில் மிகப் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். அவர்களில் தமிழரும் தெலுங்கரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பிறகு பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம். தாயின் பெயருக்குக் கட்டம் இல்லை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் ஏற வேண்டும் என்ற விகிதம் இருந்ததால் பெண்கள் எண்ணப்பட்டார்கள். எண்ணியவர்கள் அவர்களுடைய தாய்மாரைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆனாலும் இந்தப் பட்டியலை ஒரு பனுவலாக வாசிக்கும்போது எதிர்பாராத ஒன்று கண்ணில் படுகிறது. பெரும்பாலான வரிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒற்றைப் பெயர்தான். முனுசாமி, முனியம்மா, பெருமாள், லட்சுமி. சாதி தனிக் கட்டத்தில் கிடக்கிறது, பெயரோடு ஒட்டவில்லை. முனியம்மாவுக்கென்று ஓர் எண் உண்டு, ஓர் ஊர் உண்டு. கூலியாக அவளை நடத்திய அந்தக் காகிதம், அவளைத் தனி ஆளாகவும் பதிந்து வைத்திருக்கிறது.

குடும்பப் பெயர் அதற்குப் பிறகு வருகிறது. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்களுக்கு வணிக உரிமம், நிலப்பத்திரம், பள்ளிச் சேர்க்கை, திருமணப் பதிவு என ஒவ்வொரு மேசையிலும் ‘கடைசிப் பெயர்’ தேவைப்பட்டது. சிலருக்குச் சாதிப் பட்டமே அந்தப் பெயரானது. முதலியார் ‘மூட்லி’ ஆனார், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், நாயுடுவும் பிள்ளையும் படையாட்சியும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அங்கேயே உறைந்துபோயினர். வேறு பலருக்குத் தந்தையின் அல்லது பாட்டனின் சொந்தப் பெயர் பரம்பரைப் பெயரானது. இன்றும் முனுசாமி, பெருமாள், வீராசாமி என்பவை அங்கே குடும்பப் பெயர்கள். வெள்ளையர்களின் வாயில் இந்திய ஆண்கள் எல்லோரும் ‘சாமி’. பெண்கள் எல்லோரும் ‘மேரி’. அந்த இழிசொல்லின் வேரான ‘சாமி’யில் முடியும் பெயர்கள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. முனியம்மாவும் தாயம்மாவும் அப்படிக் குடும்பப் பெயர்களாக நிலைபெறவில்லை. ஒரு பாட்டியின் பெயர் பேரனின் கடைசிப் பெயராகலாம் என்ற எண்ணமே அந்த மேசைகளில் எழுந்திருக்காது.

ஆகவே நேட்டால் ஆவணங்களில் ‘நாயுடு’ என்று தேடுகிறவருக்கு நிறைய ஆண்கள் கிடைப்பார்கள். அவர்கள் எல்லோரும் உறவினர்கள் என்று சொல்லிவிட முடியாது. பட்டம் ஒரு சாதிக்குரியது, ஒரு குடும்பத்துக்குரியதல்ல. கடல் கடந்தபின் சாதியை மாற்றிச் சொல்லிக்கொண்டவர்களும் இருந்ததை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வேரைத் தேடிப் போகும் இந்த வழியில், பெண்கள் கைநழுவிப் போகிறார்கள். சாதி மட்டும் பத்திரமாக வந்து சேர்கிறது.

இதற்கு மிகக் கூர்மையான சான்று 1913இல் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், ஒரு முஸ்லிம் மனைவி நாட்டுக்குள் நுழைவது பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தார். அதன் விளைவாக, இந்து, முஸ்லிம், பார்சி முறைப்படி நடந்த திருமணங்கள் சட்டத்தின் கண்ணில் திருமணங்களே அல்ல என்றாகும் நிலை ஏற்பட்டது. மனைவி வெறும் துணையாகவும் பிள்ளைகள் வாரிசுரிமை அற்றவர்களாகவும் ஆகிவிடும் அபாயம் அது. டிரான்ஸ்வாலிலிருந்து ஒரு பெண்கள் குழு அனுமதியின்றி நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றை எழுதிய காந்தி அந்தப் பதினொரு பெண்களையும் மரியாதையோடு பட்டியலிடுகிறார். ஆனால் எப்படி? திருமதி தம்பி நாயுடு, திருமதி பி. கே. நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை என்று. ஒன்பது பேர் கணவர் பெயரால் வருகிறார்கள். சொந்தப் பெயரோடு வருகிறவர்கள் மணமாகாத இருவர் மட்டுமே. திருமதி தம்பி நாயுடுவின் பெயர் வீரம்மாள். அதை வேறிடத்தில்தான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

இதை வெறும் அழிப்பு என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. ‘நீ மனைவி அல்ல’ என்று சட்டம் சொன்ன ஆண்டில் ‘திருமதி’ என்பது ஓர் உரிமைக் கோரிக்கை. அதற்காகத்தான் அவர்கள் சிறைக்குப் போனார்கள். கணவனின் பெயரைத் தாங்குவதை எதிர்த்துப் பேசும் நாம், அந்தப் பெயர் மறுக்கப்பட்டபோது அதற்காகக் கடுங்காவல் தண்டனைக்கும் அஞ்சாமல் நின்ற பெண்களையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். வீரம்மாளுக்கு இரண்டும் உரியவை: போராடிப் பெற்ற ‘திருமதி’யும், பட்டியலில் விடுபட்ட தன் பெயரும். 1914ஆம் ஆண்டின் சட்டம் முதலாவதைப் பெருமளவு மீட்டுத் தந்தது. இரண்டாவது ஆய்வாளர்களின் கடன்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தக் கடன் பழக்கமானதுதான். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் ஒரு புலவரைப் பூதப்பாண்டியன் தேவி என்று குறித்து வைத்தார்கள். காக்கையைப் பாடியவர் காக்கைபாடினியார் ஆனார்; பாட்டே பெயர் தந்த பேறு எல்லாப் பெண்களுக்கும் வாய்ப்பதில்லை.

அப்படியானால் எப்படித் தேடுவது? பெயரின் வாலை விட்டுவிட்டு எண்ணையும் ஊரையும் பிடிக்க வேண்டும். குடும்பமாக ஏறியவர்களின் எண்கள் அடுத்தடுத்து வருவதுண்டு. ஒரு பெண்ணின் எண்ணுக்கு முன்னும் பின்னும் வாசித்தால் அவளுடைய தங்கையோ குழந்தையோ தென்படலாம். ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் ஏறிய பெண்களைச் சேர்த்து வாசிக்கலாம். தென்னாப்பிரிக்காவின் இறப்பு அறிவிப்புப் படிவம் இறந்தவரின் தந்தை, தாய் இருவரின் பெயரையும் கேட்கிறது. சொத்துக் கோப்புகளோடு சேர்ந்து காப்பகத்தில் கிடக்கும் அந்தப் படிவங்களில், கப்பல் பட்டியல் கேட்காத தாய்மார் பிள்ளைகளின் மரணத்தின்போது வந்து நிற்கிறார்கள்.

இப்படி ஒரு பெண்ணிலிருந்து தொடங்கிய தேடலுக்கு நல்ல முன்மாதிரி கய்யூத்ரா பகதூர் 2013இல் வெளியிட்ட ‘கூலி வுமன்’. 1903இல் கல்கத்தாவிலிருந்து கயானாவுக்குக் கருவுற்ற நிலையில் தனியாகக் கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவைத் தேடிப் போகிறார் அவர். கிடைக்கும் ஆவணம் கொஞ்சம்தான். கிடைக்காத இடத்தில் கதை கட்டாமல், கேள்விகளை வரிசையாக அடுக்கி நிறுத்துகிறார். விடை இல்லாத அந்தக் கேள்விகள் சுஜாரியாவின் வாழ்க்கையை ஆவணத்தைவிடப் பெரிதாகக் காட்டுகின்றன.

குடும்ப வரலாறு எழுத விரும்பும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாயின் தாயின் தாய் பெயரை முதலில் எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்த இடத்தைக் கோடிட்டு வையுங்கள், இன்னொரு பட்டத்தைக் கொண்டு நிரப்பாதீர்கள். அவருடைய ஊர் எது, உடன்பிறந்தாள் யார், பிரசவம் பார்த்தது யார் என்று வீட்டில் மூத்த பெண்களிடம் கேளுங்கள். அந்த விடைகளைக் கையில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போங்கள்.